பழங்கணினியும் புதுமை வேட்கையும்

புதியதைக் கண்டு மயங்குதலும் பழையதை இகழ்தலும் மக்கட்கு இயல்பு. ஆயினும் பழையது எல்லாம் பயனற்றதன்று. புதியது எல்லாம் வேண்டப்படுவதுமன்று. ஒரு பொருளில் எப்பகுதி தேய்ந்தது, எப்பகுதி இன்னும் உழைக்கும் என்று ஆராய்ந்து, தேய்ந்ததை மாற்றி உழைப்பதைக் காத்தல், வீட்டைச் செம்மையாய் நடத்துவார்க்கு உரிய அறிவாகும். கொழு தேய்ந்தால் உழவன் கொழுவை மாற்றுவானேயன்றி ஏரை அடுப்பில் இடான். இவ்வறிவை, இக்காலத்து மாணாக்கர் பெரிதும் விரும்பும் ஒரு பொருளின்மேல் வைத்துச் சில சொல்லப் புகுகின்றோம். அப்பொருள் விளையாட்டுக்குரிய கணினி.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் நிலம் இது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள. மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு முதலிய ஊர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் பெரும்பாலும் மழையை நம்பிப் பயிர்செய்தும், வேலையற்ற காலத்து வெளியூர்க் கூலிக்குச் சென்றும் வாழ்கின்றனர். இத்தகைய இல்லங்களினின்றும் கல்லூரிக்கு வரும் மாணாக்கன் கையில் காசு மிகுதியாய் இராது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

எனினும் அவ்வில்லங்களிலும் கணினி புகுந்து ஆண்டு பல ஆயின. 2011-ஆம் ஆண்டு செப்டெம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், ஊர்தோறும் ஏழைப் பிள்ளைகளின் கையில் முதற்கணினியைத் தந்தது. அண்ணன் பெற்றது தம்பிக்கு வந்தது. தம்பிக்குப்பின் தங்கைக்கு வந்தது. அத்திட்டம் சில ஆண்டு நின்றபின், கல்லூரி மாணாக்கர் 20 இலட்சம் பேர்க்கு இரண்டாண்டில் கணினிக் கருவி வழங்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இவையன்றி, நகரத்து அலுவலகங்கள் கழித்து விற்ற மேசைக்கணினிகளும் கைமாறிக் கைமாறி நம் சிற்றூர்களை வந்தடைகின்றன. பத்தாண்டு கடந்த இப்பெட்டிகளில் இன்றைய விளையாட்டுகளை ஆட முயலும் இளைஞன், படம் தடுமாறுவதையும் பொறி சூடேறி முழங்குவதையும் கண்டு மனம் சலித்து, “புதிது வாங்கித் தருக” என்று தந்தையை நெருக்குகின்றான். கரும்புப் பணம் வரட்டும் என்கின்றார் தந்தை. கடைக்காரரோ மாதத் தவணை உண்டென்று அழைக்கின்றார். இவ்விடத்தேதான் நம் வினா எழுகின்றது.

இதற்கு விடை கூறுமுன், பெரியோர் சிலர் எழுப்பும் தடையை நோக்குவோம். “விளையாட்டே வீண், வீணுக்கு உரிய பொறியைப் பழுது பார்ப்பது இரட்டை வீண்” என்பர் அவர். அளவு கடந்த விளையாட்டு கண்ணையும் காலத்தையும் படிப்பையும் கெடுக்கும் என்பதை யாமும் மறுக்கவில்லை. ஆயின் பந்தாட்டமும் சதுரங்கமும் போல இதுவும் ஒரு விளையாட்டு; அளவோடு ஆடுவானைக் குறை கூறல் ஆகாது. பணம் வைத்தாடும் சூது வேறு, இது வேறு. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும், பணம் வைத்தாடுவதைத் தடுத்து, மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குதற்குரியனவாக வேறு பிரித்துள்ளது. மேலும், இவ்விளையாட்டுகளில் நம்மவர் படைப்பும் உண்டு. ‘வெண்பா’ என்னும் பெயரால் 2023-ஆம் ஆண்டு வெளிவந்த விளையாட்டு, கானடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாய்வழி வந்த சமையற்குறிப்பு ஏடு சிதைந்து கிடக்க, அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியும் பிறவும் சமைப்பதே அதன் ஆட்டம். தொராந்தோ நகரத்துச் சிறுகுழு ஒன்று இயற்றிய அது, 2024-ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்தா விருதுகளில் முதற்படைப்புக்குரிய பரிசைப் பெற்றது. சிதைந்ததை எறியாது, அறிவால் நிரப்பிப் பயன்கொள்ளும் அந்த ஆட்டம் நம் பொருளுக்கும் பொருந்துவதே.

இனி எம் கருத்தைச் சுருங்கச் சொல்வோம். கடன்பட்டுப் புதுக்கணினி வாங்குதல், கள்ளக்குறிச்சி மாணாக்கனுக்குப் பெரும்பாலும் தகாது. உள்ள பெட்டியை ஆராய்ந்து, அதன் தளர்ந்த உறுப்பை மட்டும் மாற்றி, இன்னும் சில ஆண்டு உழைக்கச் செய்தலே தகும். அவ்வாறு செய்தலால் பணம் மிஞ்சுவது சிறு பயன். பொறியின் உள்ளமைப்பைக் கையால் தொட்டு அறிதலே பெரும் பயன். இதனை விளக்குவோம்.

கோமுகி அணையில் நீர் நிறைந்திருப்பினும், வாய்க்கால் ஓரிடத்துத் தூர்ந்திருக்குமாயின் கடைமடைக்கு நீர் சேராது. அணையை உயர்த்துவதால் பயன் யாது? தூர்ந்த இடத்தை வாரவேண்டும். கணினியும் அத்தகையதே. கணக்கிடும் உறுப்பாகிய ப்ராசஸர், செயற்படும்போது செய்திகளை ஏந்தும் ராம் என்னும் நினைவகம், கோப்புகளைத் தேக்கி வைக்கும் வட்டு, காட்சியைத் தீட்டும் கிராபிக்ஸ் கார்டு, இவை அனைத்திற்கும் மின்சாரம் பகிரும் பவர் சப்ளை ஆகிய ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிணைந்த வாய்க்கால்கள். இவற்றுள் எது குறுகியதோ அதுவே முழுப் பொறியின் விரைவை வரையறுக்கும். ஆதலின் கடைக்குச் செல்லுமுன் நோயை அறிதல் வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகையைத் திறந்து வைத்து, விளையாட்டை ஆடிப்பார்க்க. வட்டு நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டிருக்க ஏனைய வாளாவிருந்தால் குறை வட்டின்கண் உளது. நினைவகம் நிரம்பி வழிந்தால் குறை நினைவகத்தின்கண் உளது. கிராபிக்ஸ் கார்டு முற்றும் உழைத்தும் படம் தடுமாறினால் குறை அதன்கண் உளது. நோயறியாது மருந்து வாங்குவார் பொருளை இழப்பர்.

நோய் அறிந்தபின் முதல் மருத்துவம் காசில்லா மருத்துவம். நம் பக்கத்துச் செம்மண் தூசு, பெட்டியின் காற்றாடியிலும் வெப்பம் கடத்தும் தகடுகளிலும் படிந்து அடைத்துக்கொள்கின்றது. சூடு மிகின் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தானே விரைவைக் குறைத்துக்கொள்ளும். மின்னிணைப்பை எடுத்துவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசு நீக்கி, ப்ராசஸரின்மேல் உலர்ந்துபோன பசையைத் துடைத்துப் புதுப்பசை இட்டால், இழந்த விரைவு பெரும்பாலும் திரும்பும். அப்பசை சிறு செலவே. அடுத்தது காட்சியின் நுட்பத்தைக் குறைத்தல். 1920-க்கு 1080 என்னும் அளவில் ஒவ்வொரு படமும் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகளால் ஆயது; 1280-க்கு 720 என்னும் அளவில் 9 இலட்சத்து 21 ஆயிரத்து 600 புள்ளிகளே. பொறியின் சுமை பாதியினும் குறைகின்றது. ஆதலின் பழைய சிறுதிரை உடையான் அதனை இழிவாக எண்ணற்க. பழம்பொறிக்குச் சிறுதிரையே துணை.

இரண்டாவது, வட்டு. பழங்கணினிகளில் உள்ளது சுழலும் தட்டு. நிமிடத்திற்கு 7200 சுற்றுச் சுழலும் தட்டில், வேண்டிய செய்தி ஊசியின்கீழ் வந்து சேரச் சராசரி அரைச்சுற்றுக் காத்திருக்கவேண்டும். அஃது ஏறக்குறைய 4 மில்லி வினாடி. ஊசி நகரும் நேரம் வேறு. எஸ்.எஸ்.டி. என்னும் சுழலா வட்டிலோ இக்காத்திருப்பு அதனிற் பன்மடங்கு குறைவு. மடிக்கணினியாயினும் மேசைக்கணினியாயினும், 2011-இல் தந்த அரசுக் கணினியேயாயினும், சாட்டா இணைப்பு உள்ள எதிலும் இதனைப் பொருத்தலாம். சிறு செலவில் பெரும் மாற்றம் வேண்டுவார்க்கு இதனிற் சிறந்தது பிறிதில்லை. ஆயின் ஒன்று நினைவிற் கொள்க: எஸ்.எஸ்.டி. ஆட்டத்தை விரைவில் திறந்து தரும். ஆடும்போது ஓடும் படங்களின் எண்ணிக்கையைப் பெரிதும் கூட்டாது. அப்பணி கிராபிக்ஸ் கார்டினுடையது.

மூன்றாவது, நினைவகம். 4 ஜிபி உடைய கணினி இன்று உலாவி ஒன்றைத் திறந்தாலே திணறுகின்றது. 8 ஜிபி இன்றியமையாதது. 16 ஜிபி இருப்பின் நன்று. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்பன ஒன்றற்கொன்று பொருந்தா. எது தன் பெட்டிக்கு உரியதென அறிந்தே வாங்குக. ஒரே 8 ஜிபி பலகையினும் இரண்டு 4 ஜிபி பலகைகளை இணையாக இடுதல் சிறந்தது. இருவழியாய்ச் செய்தி பாய்வதால், தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் காட்சி விரைவு தெளிவாகக் கூடும். செயற்கை அறிவுக்குரிய பெரும்பெரும் கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளைக் கொள்ளை கொள்ளையாக வாங்கியமையால், 2025-ஆம் ஆண்டின் இறுதியில் இவற்றின் விலை உலகெங்கும் இரட்டித்தும் அதற்கு மேலும் உயர்ந்தது. அமெரிக்கத்து மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு நினைவகம் விற்கும் தன் க்ரூஷியல் வணிகத்தைக் கைவிடுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. எங்கோ கடல் கடந்து எழும் கூடங்களுக்காகச் சங்கராபுரத்து மாணாக்கன் மிகுதி விலை கொடுக்கவேண்டி வந்தது. இதனாலும், கழித்த கணினிகளிலுள்ள பழைய நினைவகப் பலகைகளை எறிதல் பேதைமை.

நான்காவது, கிராபிக்ஸ் கார்டு. விளையாடுவானது கண் முதலிற் செல்வது இதன்மேலேதான். பணமும் இதன்கண்ணேதான் மிகுதியாய்க் கரையும். கார்டு செருகும் இடம் தரும் மின்சாரம் 75 வாட்டே. அலுவலகத்துப் பழங்கணினிகளில் வேறு மின்னிணைப்பு இராது. ஆதலின் அவ்வளவிற்குள் இயங்கும் கார்டே அவற்றிற்குப் பொருந்தும். 2016-இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 2019-இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1650 ஆகியவற்றின் தனி மின்னிணைப்பு வேண்டாத வகைகள் இதற்கு ஏற்றன. ஒல்லியான பெட்டியாயின் குறுகிய வடிவுடைய கார்டையே தேடவேண்டும். அளந்து பாராது வாங்கினால் மூடி மூடாது. இவ்விரண்டனுள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. 1050 டி.ஐ. சேர்ந்த பாஸ்கல் குலத்திற்குப் புது விளையாட்டுகளுக்கான திருத்தங்கள் தருவதை என்விடியா நிறுவனம் 2025 அக்டோபரோடு நிறுத்திற்று. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை தரப்படும் என்று அறிவித்துள்ளது. கார்டு நாளையே இறந்துவிடாது. ஆயினும் விலை பேசுங்கால் இதனைச் சொல்லிக் குறைத்துக் கேட்பது அறிவுடைமை.

ஐந்தாவது, ப்ராசஸர். இதனை மாற்ற விரும்புவான், மதர்போர்டிலுள்ள குழியின் வகையை முதலில் அறிக. 2013-ஆம் ஆண்டளவிற்குரிய இன்டெல் கணினியில் இரண்டு உட்கருவுடைய ஐ3 இருக்குமாயின், அதே குழிக்குரிய நான்கு உட்கருவுடைய பழைய ஐ5-ஐ இட்டு, வேறொன்றையும் மாற்றாது பயன்பெறலாம். ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஏஎம்4 என்னும் குழி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2017-இல் முதல் ரைசன் ப்ராசஸரோடு வாங்கிய மதர்போர்டு பலவற்றில், பயாஸ் என்னும் அடிப்படை நிரலைப் புதுப்பித்து, 2022-இல் வெளிவந்த ப்ராசஸரையும் பொருத்த இயன்றது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தது போல்வது இது. இவ்வாறு நெடுநாள் உழைக்க இடந்தரும் பொருளைச் செய்தல் இயலும் என்பதற்கு இஃது ஒன்றே சான்று. இயலாது என்று சொல்லி ஈராண்டுக்கு ஒருமுறை குழியை மாற்றுவோரின் நோக்கம் யாதென்று வாங்குவோர் வினவுதல் வேண்டும்.

ஆறாவதாகிய பவர் சப்ளையைப் பலர் மறப்பர். குதிரை வாங்கினவன் கடிவாளத்திற்குக் காசு பார்ப்பது போலப் பெருங்கார்டு வாங்கியோன் மட்டமான பவர் சப்ளையில் அதனைக் கட்டுவான். மேலட்டையில் 500 வாட் என்று அச்சிட்டவை எல்லாம் 500 வாட் தருவனவல்ல. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில், இடி மின்னலுக்கு அணிமையாய் உள்ள மலையூர்களில், தரமற்ற பவர் சப்ளை தான் கெடும்போது ஏனைய உறுப்புகளையும் உடன்கொண்டு செல்லும். இவ்வொன்றை மட்டும் பழையதாய் வாங்காது புதியதாய், பெயர்பெற்றதாய் வாங்குக என்பது எம் துணிபு. இடி முழங்குங்கால் செருகியைப் பிடுங்கி விடுதல் காசில்லாக் காவல்.

பழைய உறுப்புகள் எங்குக் கிடைக்கும்? சென்னை மவுண்ட் ரோட்டுக்கு அணித்தாய ரிச்சி தெரு நெடுங்காலமாய் இதற்குப் பெயர்போனது. சேலமும் நமக்குத் தொலைவன்று. பழம்பொருள் வாங்குவான் சில விழிப்போடு இருத்தல் வேண்டும். 2022-ஆம் ஆண்டு செப்டெம்பர் 15-ஆம் நாள் எத்தீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றியமையால், அதனை ஈட்ட இரவும் பகலும் ஓடிய கிராபிக்ஸ் கார்டுகள் வேலையிழந்து சந்தைக்கு வந்தன. அவை எல்லாம் கெட்டன என்று சொல்லுதற்கில்லை. ஆயின் காற்றாடியின் தேய்வையும் சூட்டின் அளவையும் பாராது வாங்கற்க. கடையிலேயே கணினியில் மாட்டி, அரைமணி நேரம் சுமையேற்றி ஓட்டிக் காட்டச் சொல்க. காட்ட மறுப்பானிடம் வாங்காது திரும்புதலே இலாபம். பெயரை மாற்றி ஒட்டிய போலிக் கார்டுகளும் உண்டு. அதன் உண்மைப் பெயரைக் காட்டும் இலவச நிரல்கள் உள. மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் நம் பெரியோர் பல்லைப் பிடித்துப் பார்த்த பின்னன்றிப் பணம் அவிழ்ப்பதில்லை. பிள்ளைகள் அவ்வளவேனும் செய்தல் வேண்டாவோ?

நிற்க. உறுப்புகள் நலமாயிருந்தும் கணினியைக் கிழடாக்கும் வேறொரு விசை உண்டு. அது நிறுவனங்களின் ஆணை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த ஆதரவை 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்தது. வேண்டுவோர்க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கிடைக்குமாறு ஏற்பாடு செய்தது. அதன்பின் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் காவற்சில்லையும், இன்டெல் வகையிற் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸரையும் வேண்டுகின்றது. இதனால் நன்கு ஓடும் எண்ணற்ற கணினிகள் ஓரிரவில் முதுமை எய்தின. காவலை மிகுப்பதற்கே இவ்விதி என்பர் நிறுவனத்தார். அதில் உண்மையும் உண்டு. ஆயின் அதன் செலவு யார் தலைமேல் விழுகின்றது என்று எண்ணுவாரில்லை.

இதற்கு மாற்று லினக்ஸ். இது நமக்குப் புதியதன்று. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸ், அரசு தந்த மடிக்கணினிகளிலேயே ஏற்றப்பட்டிருந்தது. பெரும்பாலோர் அதனைத் திறந்தும் பார்த்தாரல்லர். 2018-ஆம் ஆண்டு வால்வ் நிறுவனத்தார் ப்ரோட்டான் என்னும் இடைநிரலை வெளியிட்ட பின்னர், விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகளுள் மிகப்பல லினக்ஸிலும் ஓடுகின்றன. ஆயினும் எல்லாம் ஓடும் என்று உறுதி கூறி இளைஞரை ஏமாற்ற விரும்புகிலோம். வேலோரன்ட் போன்ற சில போட்டி விளையாட்டுகளின் காவல் நிரல் லினக்ஸை ஏற்பதில்லை. அவ்வாறே, ஏவிஎக்ஸ்2 என்னும் கட்டளைத் தொகுதியை வேண்டும் சில புதிய விளையாட்டுகள், 2013-க்கு முற்பட்ட இன்டெல் ப்ராசஸர்களில் எத்துணை நினைவகம் இட்டாலும் திறவா. தான் ஆட விரும்புவது எது, அது வேண்டுவது யாது என்று முன்னரே படித்தறிதல் கடன்.

ஈண்டு, “பழையதைத் திருத்துவதும் பொருட்கேடே, சிறிது சிறிதாய்ச் செலவிட்டுப் புதிதின் விலையைக் கடந்தோர் உண்டு” என்று ஒருவர் கூறலாம். அக்கூற்று நியாயமே. ஆதலின் ஒரு வரம்பு வகுத்துக்கொள்க. ஒவ்வொரு படிக்கும் பின்னர் ஒரு திங்கள் நின்று, இதுவே போதுமா என்று தன்னைத் தானே வினவுக. திருத்தச் செலவு முழுவதும், அதே திறனுடைய பழங்கணினி ஒன்றின் சந்தை விலையைத் தொடுமாயின் அங்கே நிறுத்துக. மதர்போர்டே இறந்துபட்டால் அதற்காகக் கண்ணீர் விடாது, எஸ்.எஸ்.டி.யையும் பவர் சப்ளையையும் கழற்றிக்கொண்டு அடுத்த பெட்டிக்குச் செல்க. வாங்கும்போதே அடுத்த பெட்டிக்கும் உதவும் உறுப்பை வாங்குவான் ஒருபோதும் முழுதும் இழப்பதில்லை. இன்னும் ஒன்று: பொறியை விளையாட்டுக்கு ஏற்ப உயர்த்துவது போலவே, விளையாட்டைப் பொறிக்கு ஏற்பத் தெரிவதும் ஒரு வழி. 2016-இல் எரிக் பாரோன் என்பார் தனியொருவராய் ஏறக்குறைய நான்காண்டு உழைத்து வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’ என்னும் உழவு விளையாட்டு 2 ஜிபி நினைவகத்திலேயே ஓடும். அதில் நிலம் திருத்தி, விதைத்து, நீர் பாய்ச்சி, விளைவைச் சந்தைக்குக் கொண்டுபோவதே வேலை. நம் மாணாக்கர் பலர் அதனை ஆடுமுன்னரே அறிந்திருப்பர்.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்காகவோ என்று கேட்பார்க்கு எம் விடை இது. பெட்டியைத் திறக்க அஞ்சுவான் விற்பவன் சொல்லுக்கு என்றும் அடிமை. “இது போய்விட்டது, புதிதுதான்” என்னும் ஒரு சொல்லால் அவன் தந்தையின் ஒரு பருவத்து உழைப்பு கைமாறுகின்றது. மலையினின்று இறங்கி வரும் பிள்ளைக்கோ இது பின்னும் கொடிது. அவன் வீட்டில் ஒரு கணினி கெடுமாயின் அடுத்தது எப்போது வரும் என்று யாரும் சொல்லவியலாது. அதனைச் சுமந்துகொண்டு வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் இறங்கிக் கச்சிராயபாளையத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ வரவேண்டும். பேருந்துச் செலவும் ஒருநாட் கூலியும் போக, கடைக்காரர் சொல்லும் தொகையும் உண்டு. அவ்விடத்தில் ஒரு பிள்ளையேனும் திருகு கழற்றி உள்ளே பார்க்கக் கற்றிருந்தால், அவ்வூர்க்கே அது பெருந்துணை. விளையாடவேண்டும் என்னும் ஆசை அக்கல்விக்கு வாயிலாகுமாயின், அவ்வாசையைப் பழித்தல் ஏன்? தண்டித்துக் கற்பித்தாலும் வாராத கவனம், தான் விரும்பிய ஆட்டம் ஓடவேண்டும் என்னும்போது தானே வருகின்றது.

மற்றொன்றும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின்கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறையாகத் திரட்டி மீட்கப்பட்டது நூற்றுக்கு 22.3 பங்கே என்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. நம் நாட்டிலும் மின்கழிவு விதிகள் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விதியினும் சிறந்தது எறியாமை. ஈயமும் பிறவும் கலந்த பலகைகளை ஏரிக்கரையில் கொளுத்திச் செம்பு பிரிப்போர்க்கு நாம் எறிவதே மூலப்பொருள். அப்புகை எவர் மூக்கில் ஏறுகின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

ஆகவே யாம் வேண்டுவது இது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அறை, கணினித் திருத்தகமாக அமைதல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. திருப்புளிகள் சில, மின்னளவி ஒன்று, வெப்பப் பசை, தூரிகை, நல்ல பவர் சப்ளை ஒன்று, உறுப்புகளை வகைப்படுத்தி வைக்க ஓர் அலமாரி, வரவும் செலவும் எழுத ஓர் ஏடு ஆகிய இவை போதும். வாரத்திற்கு ஒரு பிற்பகல் அவ்வறை திறந்திருக்கட்டும். பட்டம் பெற்று நீங்குவோர் தம் பழைய உறுப்புகளை அவ்வலமாரிக்கு விட்டுச் செல்லட்டும். புதிதாய் வருவோர் அதனின்றும் எடுத்துக்கொள்ளட்டும். மாணாக்கியரும் அங்குத் திருப்புளி ஏந்துதல் வேண்டும். இது ஆடவர்க்கே உரிய தொழில் என்று எவ்விதியும் இல்லை. திருந்திய கணினிகளுள் விளையாட்டுக்கு ஆற்றாதவையும் படிப்புக்கு ஆற்றும்; அவற்றைக் கல்வராயன் மலைமேலுள்ள உண்டுறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்புதல் நன்று. அனுப்புங்கால் வெறும் பெட்டியை அனுப்பாது, அதனைத் திறந்து மூடக் கற்பிக்கும் இரண்டு மாணாக்கரையும் உடன் அனுப்புக. பெட்டி சில ஆண்டில் கெடும், கற்பித்தது கெடாது.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தில் ஒரு கணு கண்டவுடன் சிற்பி அதனை விறகுக்கு எறிவதில்லை. கணுவை எவ்விடத்தில் அமைத்தால் மறையும், எவ்விடத்தில் அமைத்தால் அழகாகும் என்று நோக்கியே உளியை எடுக்கின்றான். அவ்வூரிற் பிறந்த இளைஞர்காள்! நும் மேசைமேல் உள்ள பழம்பெட்டியையும் அக்கண்ணால் நோக்குங்கள். முதலில் தூசு நீக்குங்கள். பின்னர் நோய் அறியுங்கள். அதன்பின் எண்ணிச் செலவிடுங்கள். விரலுக்குத் தக்க வீக்கம் என்பதை மறவாதிருங்கள். தந்தையார் கையெழுத்திட்ட தவணைத்தாள் ஒன்று இல்லாது இரவில் அச்சமின்றி ஆடும் ஆட்டத்தின் இன்பம், புதுப்பெட்டியின் மினுமினுப்பில் இல்லை. ஆடி முடித்த பின்னர் நாளைப் பாடத்தையும் அப்பெட்டியிலேயே திறந்து படியுங்கள். அதற்கும் அது போதும்.